சாமி குனிந்த வீடு

பெந்துவாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ராஜாக்களுக்குக் கல்லறை குடைகிற ஊர் இது. விடிந்தால் பாறைக்குள் இறங்கி இருட்டில் வேலை செய்து, பொழுது சாய்ந்தால் செத்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் படுத்துத் தூங்குகிற ஜனங்கள். இங்கே பிறந்தவன் தேளுக்குப் பயப்படலாம், பாம்புக்குப் பயப்படலாம், யாரும் குறை சொல்ல மாட்டோம். பெந்துவா செத்துப்போன தன் சித்திக்குப் பயந்தான். தலை லேசாக வலித்தாலும் சித்தி கோபித்துக்கொண்டாள் என்று அவள் கல்லறை வாசலில் ரொட்டியும் பீரும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவான். ஆகாத நாள் என்று கணக்கர் சொல்லிவிட்டால் அன்று வாசற்படி தாண்ட மாட்டான். மேஸ்திரி ஆள் அனுப்பினால் வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்வான். கழுத்தில் ஒரு கொத்துத் தாயத்து. கண், வண்டு, நாக்கைத் துருத்துகிற குள்ளச்சாமி என்று எல்லாம் சேர்ந்து நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். ஆட்டுக்குட்டி வருகிறது என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் அடிப்பார்களோ என்று அதற்கும் பயம்.

அவன் பெண்டாட்டி வெப்கெத் வேறு ரகம். மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது மடியில் ஏறிய தேளைப் புறங்கையால் தட்டிவிட்டு, மிச்ச மாவை அரைத்து முடித்தவள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் பால் மறக்கும் முன்னே போய்விட்டார்கள். ஊருக்குக் கீழே சரிவில் ஜாடிக்குள் வைத்துப் புதைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவனுக்கு அவள், அவளுக்கு இவன், அவ்வளவுதான். அவனுடைய பயங்களை அவள் பிள்ளையை வளர்ப்பது போலப் பொறுத்துக்கொண்டு வளர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குத் தண்ணீர் சுமக்கிற கழுதை கத்தினால்கூட அவன் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

இப்படிப்பட்டவன் எப்படிச் சாமி தூக்கப் போனான் என்று கேட்பீர்கள். தோள்தான் காரணம். எங்கள் ஊர்ச் சாமி செத்துச் சாமியான பழைய ராஜா. ஊரை உண்டாக்கியவர். அவர் சிலையைப் பல்லக்கில் வைத்துத் தூக்குகிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும், ஒரு தோள் தாழ்ந்தாலும் சாமி சாய்வார். பெந்துவாவின் தோள் முன்தண்டுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. தோளைப் பார்த்து எடுத்தார்கள், நெஞ்சைப் பார்க்கவில்லை.

சாமி தூக்குவது ஊர்வலத்துக்கு மட்டும் இல்லை. எங்கள் ஊரில் வழக்கு என்றால் அவரிடம்தான் கேட்போம். கழுதை யாருடையது, சுவர் யாருடையது, யார் பொய் சொல்கிறான், எல்லாம் அவர் சொல்வார். முன்னால் குனிந்தால் ஆமாம். பின்வாங்கினால் இல்லை. பல்லக்குக்குக் கீழே நிற்கிறவர்களை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். நாங்கள் யாரும் தள்ளுவதில்லை, தண்டு தானாக எடை மாறும், கால் தானாகப் போகும் என்பார்கள். பெந்துவாவும் அப்படித்தான் சொல்வான். நம்பித்தான் சொன்னான்.

அப்புறம்தான் அந்த முட்டித் தொல்லை வந்து சேர்ந்தது.

கல்லறைக்குள் ஒருநாள் கல் துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டது போலக் கேட்டது. பெந்துவா கூடையைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினான். பாதிப் படியில் விழுந்து வலது முட்டி பாறை விளிம்பில் மோதியது. மூச்சு விட்டது பேய் இல்லை. கூட வேலை செய்த காசா கொட்டாவி விட்டிருக்கிறான். இதை எப்படி வெளியே சொல்வது? சொன்னால் அறுவடை வரை சிரிப்பார்கள். பெந்துவா முட்டியைத் தடவிக்கொண்டு, கூடை வழுக்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டான்.

ஆனால் முட்டி முடியவில்லை. சும்மா நடந்தால் ஒன்றும் தெரியாது. தோளில் பாரம் ஏறினால் உள்ளே ஏதோ நழுவும், கால் இருக்கிறதா இல்லையா என்றே ஒரு கணம் தெரியாது. வாத்துக் கொழுப்பும் தேனும் குழைத்து ஒரு சின்னக் கலயத்தில் போட்டு, வீட்டு நிலவறையில் பீர்ச் சாடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ஆளில்லாத நேரம் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்துத் துணி சுற்றிக்கொள்வான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம். சாமி தூக்குகிறவன் உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. விழுந்த பிறகும் அவன் சாமி தூக்கியிருக்கிறான். அந்த முறை சாமி ஒருவன் கழுதையை இன்னொருவனுக்குக் கொடுத்தார். கழுதையை இழந்தவன் ஊரிலேயே முரடன். முட்டி விஷயம் தெரிந்தால் அவன் வந்து, குனிந்தது சாமியா உன் முட்டியா என்று கழுத்தைப் பிடித்துக் கேட்பான். அன்று முட்டி மடங்கவில்லை என்று பெந்துவாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் யார் நம்புவார்கள்?

இந்த நிலையில்தான் உளி காணாமல் போனது.

ஒரு உளிதானே என்று நினைக்காதீர்கள். உளி செம்பு, செம்பு ராஜாவுடையது. காலையில் எடை போட்டுக் கொடுத்து, மழுங்கியதும் எடை போட்டுத் திருப்பி வாங்குவார்கள். வேலை நாட்களில் தங்குகிற மலைக் குடிசையிலிருந்து ஓய்வுக்காக ஆட்கள் இறங்கி ஊருக்கு வந்த அன்று ஒன்று குறைந்தது, மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. மேஸ்திரி கென்னா நல்ல மனிதர்தான், ஆனால் மூன்றாம் நாள் அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தெருவின் நடுவில் எல்லோரையும் கூட்டினார்.

"ஆத்துக்கு அக்கரைக்குச் சேதி போச்சுன்னா ராஜாவோட அதிகாரிங்க வருவானுங்க. வந்தா யாரையாவது இழுத்துட்டுத்தான் போவானுங்க. மூக்கு போகும், காது போகும், யாரோட மூக்குன்னு பாக்க மாட்டானுங்க. அதுக்குள்ள நம்ம சாமிகிட்டயே கேட்டு முடிச்சிருவோம். எடுத்த வீட்டுக்குத் தடியடி, உளிக்கு ஈடு. அதோட சரி. என்ன சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வீட்டின் பேரையும் சாமி முன்னால் சொல்ல வேண்டும். எந்தப் பேருக்குச் சாமி குனிகிறாரோ அந்த வீடு. பெந்துவா கணக்குப் போட்டுப் பார்த்தான். கழுதை வழக்கில் ஒரே கேள்விதான், ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. இப்போது ஊர் முழுக்கப் பேர் சொல்லி முடியும்வரை தண்டைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் முட்டி நழுவினால், அந்த நேரத்தில் எவன் பேர் சொல்கிறார்களோ அவன் தொலைந்தான். ஒரு பாவமும் அறியாதவனாக இருப்பான்.

தண்ணீர்த் தொட்டியருகே காசாவைப் பிடித்தான். காசா அவனுக்குப் பின்னால் அதே தண்டைத் தூக்குகிறவன்.

"ஏண்டா காசா, நாளைக்கு என் எடத்துல வேற யாரையாவது நிக்கச் சொல்லலாமா?"

"ஏன்?"

"சும்மாதான். தோள் வலிக்குது."

காசா தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினான். "பேர் சொல்ற அன்னிக்கு எவன் தோள் வலிக்குதுன்னு ஒதுங்குறானோ, அவன் வீட்டுலதான் உளி இருக்குன்னு ஊரே சொல்லும். மொதல்ல நான் சொல்லுவேன்."

"சும்மா கேட்டேண்டா."

"சும்மா கேட்டன்னுதான் நானும் சும்மா சொன்னேன். எதுக்கு இப்படி நடுங்குற? எதையாவது எடுத்தியா?"

காசா சிரித்தான். பெந்துவாவும் சிரித்தான். அவன் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வீட்டில் மீன் சமைக்கவில்லை. சாமி தூக்குகிறவன் மீன் தொடக் கூடாது, பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது, உடம்பில் ஒரு மயிர் இருக்கக் கூடாது, உப்புக்காரத்தை மென்று வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். வெப்கெத் அவன் முதுகைச் சிரைத்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

"ஏய்யா, ரெண்டு மூணு நாளா நிலவறைக்குள்ள என்ன பண்ற?"

"பீரு புளிச்சிருச்சான்னு பாத்தேன்."

"பீர பாக்கவா கதவ சாத்துன?"

"காத்து அடிச்சுது."

"நிலவறைக்குள்ள காத்து." கத்தியை நீரில் அலசினாள். "நேத்து மேல வரும்போது இடுப்புத் துணிக்குள்ள எதையோ சொருகிட்டு வந்த. என்னப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு."

அது முட்டியில் சுற்றுகிற துணி. சொல்லிவிடலாம் என்று பெந்துவாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவள் நேரே மேஸ்திரியிடம் போய், இவனால் தூக்க முடியாது, ஆளை மாற்றுங்கள் என்று தெருவில் நின்று பேசுவாள். அவள் அப்படிப்பட்டவள். கழுதையை இழந்த முரடன் காதில் விழும்.

"ஒண்ணுமில்ல புள்ள," என்றான்.

அவள் கத்தியை அப்படியே பிடித்தபடி அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் மிச்சத்தைச் சிரைத்து முடித்தாள். கேட்காமல் விட்டாளே என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்று சாப்பிடும்போது அவள் தன் பருப்பையும் அவன் தட்டில் போட்டாள்.

மறுநாள் காலை ஊரே தெருவில் நின்றது. ஆண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள், பெண்கள் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். வடக்கு வாசலருகே கோயிலிலிருந்து சாமி வெளியே வந்தார். சாம்பிராணிப் புகை, வெள்ளைத் துணி, மொட்டைத் தலைகள். முன்தண்டில் பெந்துவா. முட்டியை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் நீளமான உடையைக் கட்டியிருந்தான். சாமிக்கு முன்னால் தாயத்து கூடாது என்று கழுத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். ஆடு மணி இல்லாமல் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கணக்கர் பேர் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சீக்கிரம் சொல்லித் தொலைக்கலாம் இல்லையா? ஒவ்வொரு பேரையும் சொல்லிவிட்டு நிறுத்துவார். சாமி அசைகிறாரா என்று பார்ப்பார். சாமி அசையாவிட்டால் அந்த வீட்டுக் கூரையில் ஒரு பெருமூச்சு கேட்கும். அப்புறம் அடுத்த பேர்.

பெந்துவாவின் வீடு தெற்குக் கோடியில் இருந்தது. வடக்கிலிருந்து வீடு வீடாகப் பேர் அங்கே போய்ச் சேரும்வரை தாங்க வேண்டும். பாரத்தை இடதுகாலுக்கு மாற்றினான், இடதுகால் நடுங்கியது. வலதுக்கு மாற்றினான், உள்ளே நழுவுவது தெரிந்தது. சித்தியை வேண்டினான். செத்த பிள்ளைகளை வேண்டினான். தலைக்கு மேல் இருக்கிறவரை வேண்டப் பயமாக இருந்தது, தன் முட்டியை அவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று. ஒரு விதவையின் பேர் வந்தது. அவளை மட்டும் விட்டுவிடு என்று பல்லைக் கடித்தான். தாண்டிப் போனது. கழுதையை இழந்த முரடன் பேர் வந்தது. ஐயோ, இவன் பேரில் மடங்கினால் இவன் என்னைக் கொன்றே விடுவான் என்று உடம்பே கல்லானது. அதுவும் போனது. காசாவின் பேர் வந்தபோது பின்னால் காசா மூச்சை அடக்குவது அவன் பிடரியில் தெரிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

அப்புறம் கணக்கர் சொன்னார். "பெந்துவா வீடு."

அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. நம்ம வீடுதானே. இங்கே பயப்பட ஒன்றும் இல்லை. தான் எடுக்கவில்லை என்று தனக்குத் தெரியும். இத்தனை பேரையும் யாருக்கும் கேடு வராமல் தாண்டி வந்துவிட்டோம், இனி மிச்சம் கொஞ்சம்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு கணம் பயப்பட மறந்தான். மூச்சை விட்டான். உடம்பு தளர்ந்தது.

முட்டி மடங்கியது.

தண்டு முன்னால் இறங்கியது. சாமி அவன் தலைக்குமேல் மெதுவாக, நன்றாகக் குனிந்தார். கிரீடத்தின் நுனி தெருவைக் காட்டியது. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பெந்துவா தண்டோடு மல்லுக்கட்டி எழுந்து நின்றான். நிமிர்ந்து பார்த்தபோது தெற்குக் கோடியில் தன் வீட்டுக் கூரையில் வெப்கெத் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி நின்ற பெண்கள் விலகியிருந்தார்கள்.

"பெந்துவா, வெளிய வா," என்றார் மேஸ்திரி.

வேறொருவன் அவன் இடத்தில் தோள் கொடுத்தான். பெந்துவா மேஸ்திரியின் காதருகே போனான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கிசுகிசுத்தான்.

"மேஸ்திரி, சாமி இல்ல. என் முட்டி. முட்டியில அடிபட்டிருக்கு. மடங்கிருச்சு."

மேஸ்திரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். மாட்டிக்கொண்டவன் எதையும் சொல்வான் என்று அவருக்குத் தெரியும். அவரும் குரலைத் தாழ்த்தினார்.

"சாமிக்குன்னு தனியாக் காலு இருக்காடா? உன் காலாலதான் நடக்குறாரு, உன் முட்டியாலதான் குனியுறாரு. வேற எத வச்சுக் குனிவாரு?"

இதைத்தான் பெந்துவாவும் இத்தனை காலம் நம்பியிருந்தான். காசா பேரில் மடங்காத முட்டி, முரடன் பேரில் மடங்காத முட்டி, ஏன் சரியாகத் தன் வீட்டுப் பேரில் மடங்கியது? தான் எடுக்கவில்லை. ஆனால் வீடு என்றால் தான் மட்டுமா?

கூரையை நிமிர்ந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவன் பார்த்ததை ஊர் பார்த்தது.

கணக்கர் சாமி முன்னால் மறுபடி நின்றார். "எசமானே, உளிய எடுத்தது ஆம்பள கையா?"

சாமி பின்வாங்கினார்.

"எசமானே, பொம்பள கையா?"

தண்டுகள் கிரீச்சிட்டன. சாமி முன்னால் வந்தார். குனியவில்லை, நடந்தார், பெந்துவாவின் வீட்டுப் பக்கம். காசாவின் கண்கள் மூடியிருந்தன, முகமெல்லாம் ஈரமாக இருந்தது. கூட வேலை பார்க்கிற கூட்டாளியைக் காப்பாற்றத் தூக்கியவர்களே அவன் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுத்தார்களா? காசாவைக் கேட்டுப் பாருங்கள், ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்று இன்றும் அழுதுகொண்டே சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெப்கெத் ஏணியில் இறங்கி வந்தாள். தெருவில் வழிவிட்டார்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, நேரே புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். உதடு, கை, கால், எல்லாம். அவள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஏதோ முடிவு பண்ணியவள் போல மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"சிகரத்தாளப் பாத்துச் சொல்லு."

ஊருக்கு மேலே நிற்கிற மலை உச்சியைத்தான் சிகரத்தாள் என்போம். மற்ற சாமிகளை ஏமாற்றலாம், அவளை முடியாது. அவளைப் பார்த்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் பகலிலேயே இருட்டைப் பார்ப்பான். எங்கள் ஊரில் அப்படிப் பார்வை போனவர்கள் உண்டு. தப்பை ஒப்புக்கொண்டு கல்லில் எழுதி அவள் வாசலில் நட்டு வைத்திருக்கிறார்கள், தடவித் தடவிப் போய்க் கும்பிடுவார்கள். விளையாட்டுக்குக்கூட யாரும் அவளை வைத்துப் பொய் பேசுவதில்லை.

வெப்கெத் மலையைப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்துச் சத்தியம் செய்தாள். உளியை நான்தான் எடுத்தேன், என் புருஷனுக்குத் தெரியாது என்றாள்.

இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பெந்துவாவுக்கு நிம்மதியாக இருந்தது. சிகரத்தாளைப் பார்த்து யார் பொய் சொல்வார்கள்? அப்படியென்றால் எடுத்தது அவள்தான். குனிந்தது சாமிதான், தன் முட்டி இல்லை. தன்னால் யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான். அவளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்துத் தடியால் அடித்தபோதும் அந்த நிம்மதியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கத்தவில்லை. உளிக்கு ஈடாக அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த செப்புக் குண்டானை எடுத்துப் போனார்கள்.

காசாவும் இன்னொருவனும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து பாயில் கிடத்திவிட்டுப் போனார்கள். முதுகு ரத்தமாகக் கிடந்தது. பெந்துவா நிலவறைக்குப் போய்க் கொழுப்புக் கலயத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். விரலால் தொட்டுத் தடவ ஆரம்பித்தான். கோபமும் இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு இப்படிச் செய்துவிட்டாளே என்று.

"எங்க புள்ள வச்சிருக்க?"

"எத?"

"உளியத்தான்."

அவள் முகத்தைத் திருப்பினாள். அடி வாங்கியவள் முகத்தில் ஆச்சரியத்தைத்தான் முதலில் பார்த்தான்.

"அத நீதானய்யா சொல்லணும்," என்றாள்.

பெந்துவா கலயத்தைக் கீழே வைத்தான். அவளே தொடர்ந்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன்? நீ எங்க ஒளிச்சிருக்கியோ, பொழுது சாஞ்சதும் கொண்டுபோய் மலைக் குடிசையில போட்ரு. அடிய நான் வாங்கிட்டேன். உன் உடம்பு தாங்காது."

"நான் எடுக்கலையே புள்ள."

"என்கிட்ட எதுக்கு மறைக்கிற? கதவச் சாத்திக்கிட்டு நிலவறைக்குள்ள என்ன பண்ண?"

பெந்துவா தன் கையில் ஒட்டியிருந்த கொழுப்பைப் பார்த்தான். "இதுதான்," என்றான். உடையைத் தூக்கித் துணியை அவிழ்த்தான். முட்டி வீங்கிக் கருத்துக் கிடந்தது. கொட்டாவிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை மெதுவாக மேலே வந்து தன் கண்களைத் தொட்டது.

"அப்ப நான் எதுக்குச் சிகரத்தாளப் பாத்துப் பொய் சொன்னேன்?"

அவன் அவிழ்த்த துணியைச் சுருட்டினான்.

"கட்டுனவன் தப்புப் பண்ணிட்டான், அவனுக்காகச் சொன்னேன்னா அவ மன்னிப்பா. அவளும் பொம்பளதான. ஒண்ணுமே இல்லாததுக்குச் சொல்லியிருக்கேனே. இத மன்னிப்பாளா?" அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குய்யா. கண்ணு போயிருமா?"

தேளைப் புறங்கையால் தட்டியவள். பிள்ளைகளை ஜாடிக்குள் வைத்து மூடும்போதுகூட இவனைத் தாங்கிப் பிடித்தவள். அவள் முகத்தில் பயத்தை அவன் பார்த்ததே இல்லை. உலகத்தில் இருக்கிற எல்லாப் பயத்தையும் தான் ஒருவனே வைத்துக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை என்றே நினைத்திருந்தான். இப்போது அது அவள் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை அங்கே பார்ப்பதைவிடத் தன்னிடம் இருப்பதே மேல் என்று இருந்தது.

"எடுத்தேன்," என்றான்.

"என்ன?"

"முட்டி வலி நெசந்தான். உளிய எடுத்ததும் நெசந்தான். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் நம்பாமல் பார்த்தாள். "எங்க வச்சிருக்க?"

எங்கே வைத்திருக்கிறான்? அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை. வாய் தானாகச் சொன்னது. "எடுத்துட்டேனே தவிர, வீட்டுக்குக் கொண்டு வரப் பயமா இருந்துச்சு. ஆத்துல தூக்கிப் போட்டுட்டேன்."

வெப்கெத் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்ததும் முதுகு வலித்து முனகினாள், முனகிக்கொண்டே மறுபடி சிரித்தாள். "களவாண்டதையும் பயந்து ஆத்துல போட்டியா? அது உன்ன மாதிரியேதான்யா இருக்கு. வேற எவனும் பண்ண மாட்டான்." கண்ணில் நீர் வழிந்தது. "நெசமாத்தான சொல்ற? எனக்காகச் சொல்லலையே?"

"நெசமாத்தான்."

"அப்ப வாசல்ல நின்னு அவளப் பாத்துச் சொல்லு. எனக்குக் கேக்கணும்."

பெந்துவா எழுந்தான். வாசல்வரை போவதற்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கழுத்தில் ஒரு தாயத்துகூட இல்லை. தெருவுக்கு மேலே மலை உச்சி வெயிலில் சிவந்து நின்றது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே படுத்திருக்கிறவளுக்குக் கேட்கும்படி, மலையைப் பார்த்து, உளியை எடுத்தது நான்தான் என்று சத்தியம் செய்தான். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

உள்ளே அவள் நீளமாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அவன் உள்ளே வரவில்லை. கண்ணை மூடினால் மறுபடி திறக்கும்போது இருட்டுத்தான் தெரியுமோ என்று பயந்து, வெளிச்சம் போகும்வரை மலையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.